மூன்றாம் வாரத்தில் கழன்றுகொள்பவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் கணினி அறிவியல் நடத்துகிறேன். சேர்க்கைக்காக ரோபோ கண்காட்சி, கேம் பட்டறை எல்லாம் வைக்கிறோம். சேர்கிறார்கள், ஆனால் முதலாண்டு முடிவதற்குள் மூன்றில் ஒருவர் வேறு துறைக்குப் போய்விடுகிறார். புரோகிராமிங் எல்லாருக்கும் வராது என்கிறார்கள் சக ஆசிரியர்கள். அப்படித்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போகிறவர்களில் பலர் பக்கத்து பெஞ்சைப் பார்த்து மிரண்டவர்கள். பள்ளியிலேயே புரோகிராம் எழுதிப் பழகியவர், நீங்கள் லூப் (சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது) நடத்தும்போது ரிகர்ஷனை (தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் புரோகிராம் பகுதி) பற்றிக் கேட்பார். அது இரண்டு வருடப் பழக்கம். புதியவர் கண்ணுக்கு அது பிறவித் திறமையாகத் தெரிகிறது.

அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரி முதல் பாடத்தை முன்பழக்கத்தை வைத்துப் பிரித்தது. பிரிவுகளுக்குத் தங்கம், கறுப்பு என்று கல்லூரி வண்ணங்களையே பெயராக வைத்தார்கள். ஜாவா என்ற புரோகிராமிங் மொழி போய் பைத்தான் மொழி வந்தது. அங்கே கணினி அறிவியல் மாணவர்களில் பெண்களின் பங்கு சில ஆண்டுகளில் சுமார் 10 சதவீதத்திலிருந்து 40ஐத் தொட்டது. மாணவிகளை மாநாட்டுக்கு அனுப்பியது, முதலாண்டு முடிந்ததுமே ஆய்வு வேலை கொடுத்தது என்று வேறு பலவும் சேர்ந்த பலன் அது.

பிரிக்கத் தேர்வு வேண்டாம். "ஐம்பது வரிக்கு மேல் புரோகிராம் நீங்களே எழுதி ஓட்டியதுண்டா?" என்ற ஒரு கேள்வி போதும். செமஸ்டர் முடிவில் இரு பிரிவுக்கும் ஒரே தேர்வு. புதியவர் பிரிவை அனுபவமில்லாத ஆசிரியர் தலையில் கட்டினால் அது 'மக்கு பேட்ச்' ஆகிவிடும். உங்களில் நன்றாக நடத்துபவர் அங்கே போகட்டும்.

இந்தப் பாடம் அடுக்கி வைத்த செங்கல் மாதிரி. 'மாறி' (variable, ஒரு மதிப்பைப் போட்டுவைக்கும் பெயர்) என்றால் என்ன என்று பிடிபடாதவருக்கு லூப் புரியாது. லூப் தடுமாறினால் அர்ரே (பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல்) கைவிட்டுப் போகும். எட்டாம் வாரம் இடைத்தேர்வு வைத்துக் கண்டுபிடிப்பது பிரேதப் பரிசோதனைதான். வாரம் ஒரு பத்து நிமிடக் குட்டித்தேர்வு வையுங்கள். தொடர்ந்து இரண்டு லேப் வேலையைச் சமர்ப்பிக்காதவரை அந்த வாரமே நேரில் கூப்பிட்டுப் பேசுங்கள். ஆரம்பத்தில், கலைத்துப்போட்ட ஏழெட்டு புரோகிராம் வரிகளை வரிசைப்படுத்தும் பயிற்சியும் கொடுக்கலாம். விடுபட்ட ஒரு முக்காற்புள்ளியைத் தேடி ஒரு மணி நேரம் அழவேண்டியிராது.

லேபில் இருவர் இருவராக உட்காரட்டும்: ஒருவர் தட்டச்சு, ஒருவர் யோசனை, இருபது நிமிடத்துக்கொருமுறை இடமாற்றம். பழகியவரையும் புதியவரையும் ஜோடி சேர்க்காதீர்கள். கீபோர்டு கைமாறவே மாறாது.

கண்காட்சியை, பணம் மிஞ்சினால் நடத்துங்கள். அதற்கு முன் இந்த ஆண்டு விலகியவர்களிடம் ஒன்று கேளுங்கள்: "போய்விடலாம் என்று முதலில் தோன்றியது எந்த வாரம்?" அந்த வார லேப் வேலையைத்தான் முதலில் மாற்றவேண்டும்.