முகாமும் தொண்டும்: சாரணர் இயக்கம் குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் 12 வயது மகன் சாரணர் படையில் சேர்ந்து சில மாதங்களே ஆகின்றன. காட்டை ஒட்டிய இடத்தில் இரண்டு இரவுகள் தங்கும் முகாமுக்கு அவனை அழைத்துச் செல்லப்போவதாகச் சொல்கிறார்கள். இதுவரை ஓர் இரவுகூட அவன் எங்களைப் பிரிந்து இருந்ததில்லை. அனுப்பலாமா? அனுப்புவதற்கு முன் நான் எவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்: அனுப்புங்கள், கேட்க வேண்டியவற்றையெல்லாம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பெற்றோர் கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிற சாரண ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. எத்தனை பெரியவர்கள் உடன் வருகிறார்கள், அவர்களில் முதலுதவிப் பயிற்சி பெற்றவர் யார், அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்ல எவ்வளவு நேரமாகும், நள்ளிரவில் வண்டி கிடைக்குமா என்பவற்றை முதலில் கேளுங்கள். எந்தப் பெரியவரும் எந்தச் சிறுவனோடும் பிறர் பார்வைக்கு அப்பால் தனித்திருக்கக் கூடாது, பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் படுக்கக் கூடாது என்னும் விதிகள் அந்தப் படையில் எழுத்து வடிவில் இருக்கின்றனவா என்று தயங்காமல் கேளுங்கள். இதை அவநம்பிக்கை என்று நல்ல ஆசிரியர் எவரும் எடுத்துக்கொள்ள மாட்டார். 1919ஆம் ஆண்டு லண்டனை ஒட்டிய கில்வெல் பூங்காவில் சாரண ஆசிரியர்களுக்கான பயிற்சி தொடங்கியது; அம்மரபில் பயிற்சியை நிறைவு செய்தவர்கள் தோல் வாரில் கோத்த இரண்டு சிறிய மரமணிகளைக் கழுத்தில் அணிவார்கள். அந்த மணிகள் மட்டுமே ஒருவரை நல்லவராக்கிவிடா. ஆயினும் பயிற்சி பெற்றிருக்கிறீர்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

அடுத்தது தண்ணீரும் வானிலையும். ஓடை நீரைக் குடிப்பதாக இருந்தால் அது தளதளவென்று கொதித்த பிறகு குறைந்தது 1 நிமிடமாவது கொதிக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் 3 நிமிடம் வேண்டும். கழிப்பிடம் நீர்நிலையிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். இடி முழக்கம் காதில் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். 'கூடாரத்துக்குள் போய்விடுவோம்' என்பது தவறான பதில். கூடாரமோ தனி மரமோ மின்னலிலிருந்து காக்காது. கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ சென்று, கடைசி இடி முழங்கி 30 நிமிடம் கழியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். எனவே முகாமுக்கு எட்டும் தூரத்தில் அப்படியோர் இடம் இருக்கிறதா என்பதும் சேர்ந்தே தெரிய வேண்டும்.

உங்கள் மகனைப் பொறுத்தவரை, ஒவ்வாமை, மூச்சிரைப்பு, தூக்கத்தில் நடத்தல், படுக்கையை நனைத்தல் ஆகியவற்றில் எது இருந்தாலும் வெட்கப்படாமல் ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். பையை அவனே கட்டட்டும். நீங்கள் அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அம்மா கட்டிக் கொடுத்த பையில் டார்ச் விளக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாமல், இருட்டில் துணிகளையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டுத் தேடும் பிள்ளைகளை நான் ஒவ்வொரு முகாமிலும் பார்க்கிறேன். முதல் இரவில் அவன் அழக்கூடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது மறுநாள் காலையில் வேலை தொடங்கியதும் தணிந்துவிடும். 'பிடிக்கவில்லை என்றால் உடனே வந்து அழைத்துக்கொள்கிறேன்' என்று மட்டும் முன்கூட்டியே வாக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள். அந்த வாக்கையே நினைத்துக்கொண்டு அவன் இரவு முழுவதும் விழித்திருப்பான்.

கேள்வி: எங்கள் மகளின் சாரணியர் முகாமைப் பார்க்கச் சென்றிருந்தேன். 14 வயதுப் பெண் ஒருத்தி மற்ற ஏழு பேருக்கு வேலை ஏவிக்கொண்டிருந்தாள். பொறுப்பாசிரியைகளோ சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது பொறுப்பின்மை ஆகாதா?

பதில்: நீங்கள் கண்டது பொறுப்பின்மை அன்று. இந்த இயக்கத்தின் உயிர்நாடியே அதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஆறிலிருந்து எட்டுப் பேர் கொண்ட ஓர் அணி, அவர்களுள் ஒருவரே தலைவர், அத்தலைவருக்கு உண்மையான பொறுப்பு என்னும் ஏற்பாடு பிற்காலத்தில் வந்து சேர்ந்தது அன்று. 1907ஆம் ஆண்டு ஆகஸ்டில், இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய பிரவுன்சீ தீவில், பிரிட்டிஷ் படை அதிகாரியும் இந்த இயக்கத்தின் நிறுவனருமான பேடன் பவல் நடத்திய சோதனை முகாமிலேயே அது இருந்தது. செல்வந்தர் பள்ளிகளில் படித்தவர்களும் உழைப்பாளர் குடும்பங்களிலிருந்து வந்தவர்களுமாக ஏறத்தாழ 20 சிறுவர்களை ஓநாய், காளை, அண்டங்காக்கை, கர்லூ (நீண்ட வளைந்த அலகுள்ள ஒரு பறவை) என்று நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியையும் மூத்த சிறுவன் ஒருவனிடம் அவர் ஒப்படைத்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1899 அக்டோபரிலிருந்து 1900 மே வரை தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் நகரம் முற்றுகையிடப்பட்டிருந்தபோது, அங்கிருந்த சிறுவர்கள் செய்தி கொண்டு செல்வது, மருத்துவமனையில் உதவுவது போன்ற பணிகளைச் செம்மையாகச் செய்ததை அவர் கண்டிருந்தார். பிள்ளைகளைப் போர்முனைக்கு அருகில் நிறுத்தியதை இன்று நாம் ஏற்க மாட்டோம், ஏற்கவும் கூடாது. ஆனால் நம்பி ஒப்படைத்தால் பிள்ளைகள் பொறுப்பை ஏற்பார்கள் என்று அவர் அங்கே தெரிந்துகொண்டது மெய்.

தள்ளி அமர்ந்திருக்கும் ஆசிரியை சும்மா இருக்கிறார் என்று எண்ண வேண்டாம். இரண்டு கழிகளைக் குறுக்காக வைத்துச் சதுரக்கட்டுப் போடும் ஒரு சிறுமியை நினைத்துப் பாருங்கள். நிமிர்ந்த கழியில், கயிற்றைக் கழியோடு இறுக்கிப் பிடிக்கும் கிளவ் ஹிட்ச் முடிச்சிட்டுத் தொடங்கி, கயிற்றை இரு கழிகளையும் சுற்றி மூன்று சுற்று இழுத்து, பிறகு கழிகளுக்கு நடுவே கயிற்றின் மீதே இரண்டு சுற்று இறுக்கி முடிக்க வேண்டும். நடுவில் இறுக்கும் அந்தச் சுற்றுகளை அவள் விட்டுவிடுகிறாள். கட்டு பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பாத்திரம் தேய்க்கும் மேசை அதன்மேல் ஏறியதும் கழி சறுக்கி மேசை சாய்கிறது. அணித்தலைவி குனிந்து பார்த்து, 'நடுவில் இறுக்கவில்லை, அவிழ்த்து மறுபடி போடு' என்கிறாள். சற்று எட்டியிருந்து இதைக் கவனிக்கும் ஆசிரியைக்கு, அந்தக் கட்டு சறுக்கும் என்பது முதலிலேயே தெரியும். சாய்வது வெறும் பாத்திர மேசை என்பதால்தான் அவர் வாய் திறக்கவில்லை. அதே கட்டு மூன்று பேர் ஏறி நிற்கும் மேடையைத் தாங்குவதாக இருந்தால், ஒருவரும் ஏறுவதற்கு முன் அவர் எழுந்து வந்து ஒவ்வொரு கட்டையும் கையால் அசைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

சோறு தீய்வது, கூடாரம் மறுபக்கம் பார்த்து நிற்பது, மறந்துபோன பொருளுக்காக அணி முழுவதும் திரும்பி நடப்பது ஆகியவற்றைப் பிள்ளைகளின் கையிலேயே விட்டுவிடலாம். நெருப்பு, ஆழமான நீர், கோடரி, உயரம், மின்னல் ஆகியவற்றில் கடைசிச் சொல் பெரியவருடையதாகவே இருக்க வேண்டும். இந்த எல்லையை அறியாமல் எல்லாவற்றையும் பிள்ளைகளிடம் விட்டுவிடும் ஆசிரியரும் உண்டு, எதையும் விடாதவரும் உண்டு. முன்னவர் ஆபத்தானவர். பின்னவரிடம் பிள்ளைகள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தங்குவதில்லை.

கேள்வி: பெண் பிள்ளைகளுக்கு இந்த இயக்கத்தில் எப்போது இடம் கிடைத்தது?

பதில்: அவர்களே இடம் பிடித்தார்கள். 1909ஆம் ஆண்டு லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் கூட்டத்துக்குச் சிறுமியர் சிலர் சாரண உடையில் வந்து நின்று, தங்களையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டார்கள். மறு ஆண்டே அவர்களுக்கெனத் தனி இயக்கம் உருவானது; பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் அதன் தலைமையை ஏற்றார்.

கேள்வி: நான் 15 வயதுச் சாரணன். எங்கள் படையில் சமூகப் பணி என்றால், ஒரு நாள் காலையில் எங்காவது போய்க் குப்பை அள்ளுவோம் அல்லது மரக்கன்று நடுவோம், புகைப்படம் எடுத்துக்கொள்வோம், நாட்குறிப்பில் மணிக்கணக்கை எழுதிக் கையெழுத்து வாங்குவோம். இது தொண்டுதானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

பதில்: தம்பி, இந்தச் சந்தேகம் உனக்கு வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. குப்பை அள்ளுவது இழிவான வேலையன்று. ஆனால் நீங்கள் அள்ளிய இடத்தில் அடுத்த வாரமே மீண்டும் குப்பை சேர்ந்திருக்குமானால், அது ஏன் அங்கே சேர்கிறது என்று நீங்கள் யாரையும் கேட்கவில்லை என்பது தெளிவு. அங்கே தொட்டி இல்லையா, தொட்டி நிரம்பி வழிகிறதா, எடுத்துச் செல்லும் வண்டி எந்த நேரத்தில் வருகிறது என்று குடியிருப்பவர்களிடம் ஒரு மாலை முழுவதும் கேட்டு எழுதி, அதை உரிய அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது, பத்து மூட்டை குப்பை அள்ளுவதைவிடப் பெரிய பணியாக அமையலாம். மரக்கன்றும் அப்படித்தான். நடுவதற்குப் பத்து நிமிடம் போதும். முதல் இரண்டு, மூன்று கோடைகளில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்பதை முடிவு செய்யாமல் குழி தோண்டவே கூடாது.

எனவே உன் அணியைக் கூட்டி, 'யாருக்கு என்ன தேவை?' என்னும் கேள்வியிலிருந்து தொடங்கு. தேவை உள்ளவர்களிடமே போய்க் கேளுங்கள். முதியோர் இல்லத்துக்கு ஒரு முறை போய்ப் பாட்டுப் பாடிவிட்டு வருவதைவிட, வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் இருவர் போய் அங்குள்ள ஒருவருக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவது மேல், அவர் அந்த நேரத்துக்காகக் காத்திருப்பார் என்பதால். ஆனால் தொடங்கிய பிறகு தேர்வைக் காரணம் காட்டி நிறுத்தக் கூடாது; முடியாதென்றால் உனக்குப் பதிலாகப் போக இன்னொருவரை ஏற்பாடு செய்துவிட்டு விலக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகாமில் கற்பதும் தொண்டும் தனித்தனிப் பாடங்கள் அல்ல. 1914இல் முதல் உலகப் போர் மூண்டு, பிரிட்டனின் கடலோரக் காவலர்கள் கடற்படைக்கு அழைக்கப்பட்டபோது, அவர்கள் விட்டுச் சென்ற காவல் பணியில் கடல்சாரணர்கள் நிறுத்தப்பட்டார்கள். வான்தாக்குதல் முடிந்தது என்று தெருத்தெருவாகக் கொம்பூதி அறிவித்தவர்களும் சாரணர்களே. கூர்ந்து நோக்கவும், சைகை காட்டவும், இரவில் விழித்திருக்கவும் அவர்கள் ஏற்கெனவே கற்றிருந்தது அப்போது பயன்பட்டது. உனக்கு என்ன தெரியும் என்று எண்ணிப் பார். 1 லிட்டர் சுத்தமான நீரில் 6 சமமட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால் வயிற்றுப்போக்கு கண்டவரின் உடலில் நீர் வற்றாமல் காக்கலாம். மூச்சும் நாடியும் நின்றவரின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வீதம், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். இவை உனக்குத் தெரியும் என்றால், தெரியாதவர்கள் உன் தெருவிலேயே இருக்கிறார்கள். வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுக்க உன் அணியால் முடியும். நாட்குறிப்பில் மணிக்கணக்கு எழுதுவதை நான் எதிர்க்கவில்லை, பட்டைச் சின்னத்துக்கு அது வேண்டியிருக்கிறது. அதற்கு அருகிலேயே, யாருக்கு என்ன மாறியது என்றும் ஒரு வரி எழுதிப் பார்.

கேள்வி: கைப்பேசியில் வழிகாட்டும் வசதி இருக்கும்போது திசைகாட்டியும் முடிச்சுகளும் எதற்கு?

பதில்: மின்கலம் தீர்ந்துவிடும், மலைமடிப்பில் சிக்னல் கிடைக்காது என்பவை எல்லோரும் அறிந்த காரணங்கள். எவ்வளவு நேரத்தில் திரும்புவோம் என்பதைத் தாங்களே கணிக்கப் பிள்ளைகள் பழக வேண்டும் என்பதை நான் அதற்கும் மேலான காரணமாகக் கருதுகிறேன். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேற்றக்காரர் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அத்துடன் ஏற வேண்டிய ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். சுமை தூக்கிய சிறுவர்களுக்கு இன்னும் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். வழி தவறிவிட்டது என்று தெரிந்த கணமே நின்றுவிட வேண்டும். மேலும் நடந்தால் தேடி வருபவர்களுக்குப் பரப்பு கூடும். ஆல்ப்ஸ் மலை முறைப்படி நிமிடத்துக்கு 6 முறை விசில் ஊதி, 1 நிமிடம் பொறுத்து மீண்டும் ஊத வேண்டும். பதில் நிமிடத்துக்கு 3 முறை வரும். சில நாடுகளில் 3 முறை ஊதுவதே ஆபத்துக்கு அடையாளம் என்பதால், எந்த முறை என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

முடிச்சுகளில் ஓர் எச்சரிக்கை. ரீஃப் நாட் முடிச்சு கட்டுத்துணி கட்டுவதற்கு மிக ஏற்றது, ஏனெனில் உடலில் உறுத்தாமல் தட்டையாகப் படியும். சுமை தாங்க வேண்டிய இரண்டு கயிறுகளை இணைக்க அதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள், புரண்டு அவிழ்ந்துவிடும். வெவ்வேறு பருமனுள்ள கயிறுகளை இணைக்க ஷீட் பெண்ட் என்னும் முடிச்சு இருக்கிறது.

கேள்வி: என் மகன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். அவனுக்குச் சாரணனாக வேண்டும் என்று பேராசை. சேர்த்துக்கொள்வார்களா? சேர்த்துக்கொண்டாலும், எல்லோரும் மலையேறும்போது அவனைக் கணக்கெழுத உட்கார வைத்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: அதைப் பேராசை என்று சொல்லாதீர்கள். இந்த இயக்கம் தொடக்க காலத்திலிருந்தே உடல் ஊனமுற்ற பிள்ளைகளைச் சேர்த்துவந்திருக்கிறது, தேர்வுகளையும் அவர்களுக்கேற்ப மாற்றி அமைத்திருக்கிறது. உங்கள் அச்சம் சேர்ந்த பிறகு நடப்பதைப் பற்றியது, அது நியாயமானதும்கூட. ஆகவே சாரண ஆசிரியரிடம் 'என் மகனால் என்னென்ன முடியாது' என்று பட்டியலிடுவதோடு நிறுத்தாமல், அவன் கைவலிமை எப்படி, வரைபடம் வாசிப்பானா, எவ்வளவு நேரம் தொடர்ந்து அமர முடியும், கழிப்பறைக்கு யார் உதவி தேவை என்பவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். நடைப்பயணத்துக்கு முன் பாதையைப் பார்த்து வரும் வழக்கம் நல்ல படைகளில் உண்டு. அந்த முன்பயணத்திலேயே அணித்தலைவனோடு உங்கள் மகனும் போகட்டும். எந்தச் சரிவில் நாற்காலியைப் பின்னிருந்து கயிற்றால் பிடிக்க வேண்டும், எந்த இடத்தில் இருவர் சேர்ந்து தூக்க வேண்டும், எந்தப் பாதையை விட்டு வேறு பாதையை எடுக்க வேண்டும் என்பவற்றை அவனும் அணியும் அங்கேயே நின்று பேசி முடிவு செய்யட்டும். அணியின் வரைபடத்தில் அந்த இடங்களைக் குறிக்கும் வேலையையும் அவனிடமே கொடுக்கச் சொல்லுங்கள்.