போர்டிகோவில் ஒரு எண்ணெய்க் கறை

கேள்வி: திருச்சியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்களுடையது 2016 மாடல் பெட்ரோல் கார், 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. எட்டு வருடமாக ஒரே ஒர்க்‌ஷாப்பில்தான் விடுகிறோம். போன வெள்ளிக்கிழமை ஆயில் சர்வீஸ் செய்து எடுத்தோம். 4,850 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன்; துண்டுச் சீட்டில் கணக்கு எழுதித் தந்தார். ஞாயிறு காலை திண்டுக்கல்லில் ஒரு வளைகாப்புக்குக் கிளம்பினோம். மணப்பாறை தாண்டியதும் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்று ஆறு கிலோமீட்டர் ஓட்டினேன். கடகடவென்று சத்தம் வந்து வண்டி நின்றே போனது. கட்டி இழுத்து அதே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தோம். "இன்ஜின் சீஸ் ஆயிடுச்சு, ஹாஃப் இன்ஜின் வேலை, 68,000 ஆகும்" என்கிறார் மெக்கானிக் அண்ணன். பழைய ஆயிலை வடிக்க இன்ஜினுக்கு அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டின் இடத்தில் போல்ட்டே இல்லை. "பையன் நல்லாத்தான் டைட் வச்சான், ரோட்டுல கல்லு அடிச்சிருக்கும். லைட் எரிஞ்சப்பவே நீங்க நிறுத்தியிருக்கணும்" என்கிறார். பழக்கத்துக்காக லேபர் 15,000 வேண்டாம், மிச்சத்தைக் கொடுங்கள் என்கிறார். இல்லையென்றால் கல் அடித்ததாக இன்ஷூரன்ஸில் போட்டுவிடலாமாம். என் கணவர் "பழகின மனுஷன், விட்டுடு" என்கிறார். சனிக்கிழமை காலையிலேயே, கோலம் போடும் இடத்தில் எண்ணெய் சிந்தியிருக்கிறது என்று மாமியாரிடம் திட்டு வாங்கினேன். அன்றிலிருந்தே நேரம் சரியில்லை. நஷ்டஈடு கேட்க எனக்கு வழி உண்டா? தப்பு என்னுடையதுதானா?

பதில்: அன்புள்ள சகோதரி,

மாமியார் திட்டியதை நேரம் சரியில்லாத கணக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கடிதத்திலேயே விலை மதிப்புள்ள வரி அதுதான். ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலையில் அடித்ததாகச் சொல்லப்படும் கல், சனிக்கிழமை காலையிலேயே உங்கள் போர்டிகோவில் எண்ணெயைச் சொட்டவைக்க முடியாது. சர்வீஸ் முடிந்து வந்த முதல் இரவே வண்டி கசிந்திருக்கிறது. எனவே தரையை இன்னும் கழுவாமல் இருந்தால் தயவுசெய்து கழுவாதீர்கள். கறையைப் பக்கத்திலிருந்து ஒரு படம், வண்டி நிற்கும் இடமும் வாசல் கதவும் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்து வையுங்கள். கழுவிவிட்டாலும் பரவாயில்லை, சிமென்ட் தரை எண்ணெயை அவ்வளவு சீக்கிரம் விடாது. "அது பழைய கறை" என்று எதிர்த்தரப்பு சொல்லும். மாமியார் போன மாதம் கோலத்தைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தால் அதைத் தேடி எடுங்கள். சுத்தமான தரை அதில் தெரியும். நேரில் பார்த்த சாட்சியும் அவர்தான். திட்டியதற்கு ஒரு நன்றி சொல்லிவிடுங்கள்.

அடுத்த வேலை இன்னும் அவசரம். இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். உங்கள் வழக்கின் மொத்த ஆதாரமும் அந்த வண்டியின் அடிவயிற்றில் இருக்கிறது. அது நிற்பதோ யார் மீது புகாரோ அவருடைய இடத்தில். அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நல்ல மனிதரும் வேலையைத் தொடங்கியதும் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் சேம்பரைக் கழற்றுவார், டீசல் ஊற்றிக் கழுவுவார், பழைய சாமானைக் காயலான் கடைக்குப் போடுவார். பிறகு எது எப்படி இருந்தது என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு: வேலை செய்த கூலிக்காக வண்டியைப் பிடித்துவைத்துக்கொள்ளும் உரிமையை 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு பழுதுபார்ப்பவருக்குக் கொடுக்கிறது. நீங்கள் "சரி, ஆரம்பிங்க" என்று சொல்லி அவர் வேலையை முடித்துவிட்டால், யார் தப்பு என்ற பேச்சே இல்லாமல் பணத்தைக் கட்டித்தான் வண்டியை எடுக்க வேண்டிவரும்.

ஆகவே வெளியாள் ஒருவரை அழைத்துப் போங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு வேலை செய்யும் உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு தனிப்பட்ட முறையிலும் பார்த்து எழுதித் தருவதுண்டு. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் துறை ஆசிரியர் யாராவது தெரிந்திருந்தாலும் சரி, நீங்கள் ஆசிரியை என்பதால் இது கடினமாக இருக்காது. மெக்கானிக்கையும் பக்கத்தில் நிற்கச் சொல்லி, அவர் கண்முன்னே வண்டியை லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்கட்டும்.

என்ன பார்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். கல் அடித்திருந்தால் சேம்பரில் அடி தெரியும்: நசுங்கல், கீறல், விரிசல், ஏதோ ஒன்று. இறுக்கிய போல்ட்டை மட்டும் கழற்றிக்கொண்டு சேம்பரில் சுவடே வைக்காமல் போகிற கல்லை நான் இதுவரை பார்த்ததில்லை. அடுத்து போல்ட் துளையின் மரை. மரை பழுதில்லாமல் இருந்தால் போல்ட் சரியாக இறுக்கப்படாமல், அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்று விழுந்திருக்கிறது என்று அர்த்தம். மரை தின்றுபோயிருந்தால் யாரோ அளவுக்கு மேல் முறுக்கியிருக்கிறார்கள். அது வெள்ளிக்கிழமை நடந்ததா, அதற்கு முன்பா என்ற கேள்வி வரும். ஆனால் எட்டு வருடமாக அதைக் கழற்றி மாட்டுவது அவர் கடைதானே! போல்ட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கப் போடும் வாஷரில், கழற்றிய பழையது இன்னும் கடையில் கிடக்கிறதா, புதியது போட்டார்களா என்றும் கேளுங்கள். இந்த வாஷர் ஒரு டீ விலையில் கிடைக்கும் சாமான். இதை மிச்சம்பிடித்து இன்ஜினைக் கொன்ற கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. வண்டியின் அடிப்பகுதியில் எண்ணெய் பின்னோக்கித் தெளித்திருக்கும்; துடைப்பதற்கு முன் அதையும் படம் எடுத்துவிடுங்கள்.

"பையன் டைட் வச்சான்" என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பையன் செய்தாலும் முதலாளி செய்தாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். காசு வாங்கியவர் முதலாளி, பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. அந்தப் பையனின் சம்பளத்தில் பிடிக்கப் போகிறேன் என்றால் நீங்களே தடுங்கள்.

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி.

அந்தச் சிவப்பு விளக்கு. சிறிய எண்ணெய்க் குடுவை, மூக்கில் ஒரு சொட்டு என்று ஒரு படம் எரிந்திருக்கும். "ஆயில் குறைகிறது, சீக்கிரம் கவனி" என்று சொல்வதற்கு அதை வைக்கவில்லை. ஆயில் அழுத்தமே விழுந்த பிறகுதான் அது எரியும். இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஓடும்போது ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவில் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இரண்டையும் பிரித்து வைக்கிறது. அது போனால் உலோகத்தோடு உலோகம் உரசிச் சூடேறி, பேரிங்கின் மென்மையான பூச்சு உருகி ஒட்டிக்கொள்ளும். நீங்கள் 80 கி.மீ. வேகத்தில் போயிருந்தால் ஆறு கிலோமீட்டருக்கு நாலரை நிமிடம். நிமிடத்துக்கு 2,500 சுற்று என்று வைத்தாலும் எண்ணெய் இல்லாமல் 11,000 முறைக்கு மேல் கிராங்க் சுற்றியிருக்கிறது. அந்த விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட வேண்டும். பங்க் வரை என்ற பேச்சே கிடையாது. உங்கள் வண்டியின் கையேட்டிலும் இதைத்தான் போட்டிருப்பார்கள், எதிர்த்தரப்பு அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கொடுக்கும்.

நானும் இதில் யோக்கியன் இல்லை. பல வருடங்களுக்கு முன் என் வண்டியில் அதே விளக்கு எரிந்தபோது, சென்சார் கோளாறு என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு வீடு வரை ஓட்டினேன். பழைய ஆயில் ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டியிருக்க, அதன் மேலேயே புதிய ஃபில்டரை மாட்டியிருந்தார்கள். இரண்டு ரப்பருக்கு நடுவில் எண்ணெய் பீறிட்டிருக்கிறது. செலவில் பாதி நான், பாதி கடைக்காரர் என்று முடிந்தது. அன்று கசந்தது, இன்று யோசித்தால் அது நியாயம்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: போல்ட் கழன்றது அவர் தப்பு, ஆறு கிலோமீட்டர் உங்கள் தப்பு. முதல் தப்பு இல்லாவிட்டால் இரண்டாவதற்கு இடமே வந்திருக்காது என்பதால் பெரிய பங்கு அவருடையது. ஆனால் 68,000-மும் அவரே தர வேண்டும் என்று நின்றால், பேச்சுவார்த்தையிலும் சரி, நுகர்வோர் ஆணையத்திலும் சரி, அந்த விளக்கு உங்கள் கண்முன் எரிந்துகொண்டே இருக்கும். 92,000 கி.மீ. ஓடிய இன்ஜினுக்குப் புதிய பேரிங்கும் பிஸ்டன் ரிங்கும் போடும்போது உங்களுக்கும் கொஞ்சம் ஆதாயம் இருக்கிறது, அதையும் கழிப்பார்கள். மறுபக்கம் அவர் தள்ளுபடி செய்வதாகச் சொல்லும் 15,000 என்பது மொத்தத்தில் கால்பங்குகூட இல்லை. அதுவும் அவருடைய சொந்த உழைப்புக்கு அவரே போட்ட விலை. நானாக இருந்தால் மூன்றில் இரண்டு பங்கும், வண்டியை இழுத்துவந்த செலவும் கேட்பேன். பாதிக்குக் குறைந்தால் எழுந்து வந்துவிடுவேன். வேலையை வேறு கடையில் செய்வதாகவும், அவர் பங்கைப் பணமாகத் தரட்டும் என்றும் சொல்லிப் பாருங்கள். "சென்னை புதுப்பேட்டையில ஒரு பழைய இன்ஜின் எடுத்துப் போட்டுடலாம், பாதி காசு" என்று அவர் சொல்லக்கூடும். இன்ஜின் எண் ஆர்.சி.யில் பதிவாகியிருப்பது. மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி பதிய வேண்டும், அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கும் காகிதம் வேண்டும். எனக்கென்னவோ அந்தத் தலைவலி வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது.

இன்ஷூரன்ஸ் யோசனையைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இயந்திரக் கோளாறு, அதைத் தொடர்ந்து வரும் சேதம் இரண்டுக்கும் சாதாரண மோட்டார் பாலிசியில் பணம் கிடையாது. தனியாக இன்ஜின் பாதுகாப்பு எடுத்திருந்தாலும் அதற்கும் நிபந்தனைகள் உண்டு. கல் உண்மையிலேயே அடித்திருந்தால் தாராளமாகப் போடுங்கள். அடிக்காத கல்லை அடித்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது மோசடி. அத்தோடு, மெக்கானிக்கின் தப்பு இல்லை என்று நீங்களே எழுதிக்கொடுத்த மாதிரியும் ஆகிவிடும். நாளை ஆணையத்தில் அவர் வேறு சாட்சியே தேட வேண்டாம், உங்கள் விண்ணப்பம் ஒன்று போதும்.

பேச்சு முறிந்தால் போகும் வழி அவ்வளவு கடினமில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிந்துவையுங்கள். சில நேரம் ஒரு போன் போனாலே ஆள் இறங்கி வருவார். அடுத்து, உங்கள் ஊரிலேயே இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் கொடுத்த கட்டணம்தான், கேட்கும் நஷ்டஈடு இல்லை. நீங்கள் கொடுத்தது 4,850, அதனால் மாவட்ட ஆணையமே போதும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15 நாள். தீர்ப்புக்குச் சட்டம் சொல்வது மூன்று மாதம், நடப்பது அதைவிட நீளம் என்று மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். சேவையில் குறைபாடு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அதனால்தான் கறை, மரை, சேம்பர் என்று இவ்வளவு நேரம் பிடிவாதம் பிடித்தேன்.

முறையான பில் வாங்கவில்லையே என்று கவலை வேண்டாம். பில் தராமலிருப்பது அவர் பக்கத்துக் குறை. வெள்ளிக்கிழமை தேதியிட்ட ஜிபே பதிவும் அவர் கையெழுத்தில் உள்ள துண்டுச் சீட்டும் போதும். சீட்டைப் படம் எடுத்துவிட்டு அசலைப் பத்திரமாக வையுங்கள். அவரோடு பேசிய வாட்ஸ்அப் எதையும் அழிக்காதீர்கள். அதற்குள் போனையும் மாற்றிவிடாதீர்கள்.

உங்கள் கணவர் சொல்வதையும் நான் தள்ளவில்லை. எட்டு வருடப் பழக்கத்தில் ராத்திரி நேரத்தில் பேட்டரிக்கு ஓடிவந்திருப்பார், காசு அப்புறம் தாங்க என்றிருப்பார். அதனால் வக்கீல் நோட்டீஸில் தொடங்காதீர்கள். ஆனால் "விட்டுடு" என்றால் விட்டுவிடுவது 53,000 ரூபாய் என்று அவருக்கு ஒருமுறை நினைவுபடுத்துங்கள். இன்று சாயங்காலமே, கோபமில்லாமல், வாட்ஸ்அப்பில் இப்படி எழுதி அனுப்புங்கள். வார்த்தை எதையும் கூட்ட வேண்டாம்:

"அண்ணே, வெள்ளிக்கிழமை நீங்க ஆயில் மாத்திக் கொடுத்த வண்டி, ஞாயித்துக்கிழமை மணப்பாறை தாண்டி டிரெயின் போல்ட் இல்லாம நின்னுடுச்சு. சனிக்கிழமை காலையிலேயே எங்க வீட்டுல ஆயில் சொட்டியிருக்கு, படம் அனுப்பியிருக்கேன். நான் சொல்ற வரைக்கும் இன்ஜினைப் பிரிக்க வேண்டாம், எதையும் கழுவவும் வேண்டாம். புதன்கிழமை ஒருத்தரைக் கூட்டிட்டு வர்றேன், உங்க முன்னாடியே பார்க்கட்டும். அதுக்கப்புறம் செலவை எப்படிப் பிரிச்சுக்கலாம்னு உக்காந்து பேசுவோம்."

அவர் "சரிம்மா" என்று ஒரு வார்த்தை பதில் போட்டாலும் அதையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.