கிரேட் டேன் குட்டிக்குக் கால்சியம் எப்போது தொடங்கலாம்?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். 5 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே 74 வயது மாமியார். பிள்ளைகளுக்கு கிரேட் டேன் நாய் மேல் கொள்ளை ஆசை. 7 வாரக் குட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். குழந்தைகளோடு ஒத்துப்போகுமா, டாக்டர்? நல்ல உயரமாக, எலும்பு உறுதியாக வளர கால்சியம் டானிக் எப்போது தொடங்க வேண்டும்?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கால்சியம் தொடங்கவே வேண்டாம். சிரப், மாத்திரை, பொடி எதுவும் வேண்டாம்.

பிறக்கும்போது அரைக் கிலோ சுமாருக்கு இருக்கும் கிரேட் டேன் குட்டி, ஒரு வருடத்தில் 50 கிலோவைத் தொட்டுவிடும். மனிதக் குழந்தை முதல் வருடத்தில் பிறந்த எடையைப் போல மூன்று மடங்குதான் ஆகிறது. இது கிட்டத்தட்ட நூறு மடங்கு. இவ்வளவு பெரிய உடம்புக்கு எவ்வளவு கால்சியம் வேண்டியிருக்கும் என்று நமக்குத் தோன்றுவது இயல்புதான். ஆனால் வளர்ந்த நாயின் குடல் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். சின்னக் குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வந்திருக்காது. கொடுக்கக் கொடுக்க உள்ளே போய்க்கொண்டே இருக்கும். குருத்தெலும்பு ஒழுங்காக எலும்பாக மாறுவது அதனால் தடுமாறிப்போகிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளை வைத்தே இதை ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள்.

என்னிடம் ஒருமுறை ஐந்து மாத ஆண் குட்டி வந்தது. முன்னங்கால் இரண்டும் வளைந்து, பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பியிருந்தன. நிற்கும்போது ஓர் இடத்தில் நிற்காமல் எடையை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாற்றிக்கொண்டே இருந்தது. தரமான குட்டி உணவு, அதற்கு மேல் தினமும் இரண்டு வேளை கால்சியம் சிரப். எல்லாம் பாசத்தில் செய்ததுதான். அந்த வீட்டுக்காரரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. சிரப்பை நிறுத்தி, உணவைக் குறைத்த பிறகு வலி குறைந்தது. கால் முழுக்க நேராகவில்லை.

ஆகவே 'பெரிய இனக் குட்டிகளுக்கு' என்று பாக்கெட்டில் போட்டிருக்கும் உணவைத் தேர்ந்தெடுங்கள். அதில் கால்சியத்தை அளந்துதான் சேர்த்திருப்பார்கள். மேலே எதுவும் சேர்க்காதீர்கள். வீட்டிலேயே சமைத்துப் போடுவதென்றால் கால்நடை மருத்துவரிடம் அளவோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கைக்கணக்கு சரிப்படாது. இன்னொன்று, வயிறு முட்டக் கொடுக்க வேண்டாம். விலாவின் மேல் கையைத் தடவினால் எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் "என்ன, இப்படி ஒல்லியாக இருக்கிறது?" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எவ்வளவு உயரம் வர வேண்டும் என்பதைத் தாயும் தகப்பனும் கொடுத்த மரபணு தீர்மானித்தாகிவிட்டது. நிதானமாக வளர்ந்த குட்டியும் அதே உயரத்துக்குத்தான் வரும், சில மாதம் தாமதமாக. அதற்குள் மூட்டுகள் தயாராகியிருக்கும்.

எலும்பின் வளர்ச்சித் தட்டுகள், அதாவது எலும்பு நீள இடம் கொடுக்கும் குருத்தெலும்புப் பகுதிகள், மூடிக்கொள்ள இந்த இனங்களில் ஒன்றரை வருடம் வரை ஆகலாம். அதுவரை சைக்கிளோடு ஓட வைப்பது, பந்துக்காகத் தாவ விடுவது, காரிலிருந்து குதிக்க விடுவது எல்லாம் கூடாது. மண்ணிலோ புல்லிலோ அதன் இஷ்டத்துக்கு விளையாடட்டும், களைத்தால் தானே படுத்துவிடும். வழவழப்பான டைல்ஸ் தரையென்றால் அது நடமாடும் வழியெல்லாம் வழுக்காத விரிப்பு போடுங்கள். படுக்க மெத்தை வேண்டும். வெறும் தரையில் படுத்துப் படுத்து முழங்கையில் நீர் கோத்துக்கொள்ளும். கருத்தடையையும் அவசரப்பட்டுச் சின்ன வயதில் செய்யாதீர்கள். வளர்ச்சி முடியும் தறுவாயில் செய்வது மூட்டுகளுக்கு நல்லது.

சரி, குழந்தைகள். கிரேட் டேன் பொதுவாகச் சாதுவான இனம், வீட்டு மனிதர்களை விட்டு நகராது. எனக்குக் கவலை கடிப்பதைப் பற்றி இல்லை, இடிப்பதைப் பற்றி. ஆசையாகத் திரும்பும்போது வால் ஐந்து வயதுக் குழந்தையின் முகத்தில் சாட்டை மாதிரி விழும். பாசம் வந்தால் பக்கத்தில் வந்து தன் உடம்பு முழுவதையும் நம் மேல் சாய்க்கும், இந்த இனத்தின் பழக்கம் அது. 60 கிலோ சாய்ந்தால் உங்கள் மாமியார் விழுந்துவிடுவார். அந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் முதல் நாளிலிருந்தே நான்கு காலும் தரையில் இருந்தால்தான் தடவிக்கொடுப்பது என்று வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுங்கள். குட்டியாக மேலே தாவும்போது செல்லமாகக் கொஞ்சிவிட்டு, வளர்ந்த பிறகு அதட்டினால் அதற்கு என்ன புரியும்? பிள்ளைகள் அதன் மேல் ஏறி உட்காரக் கூடாது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டே போகக் கூடாது. உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் என்பது எச்சரிக்கை, அதை அடித்து அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே கடி விழும்.

குட்டியைத் தேர்ந்தெடுப்பதற்கு வருவோம். 7 வாரம் சீக்கிரம், 8 வாரமாவது தாயோடு இருக்கட்டும். தாயை நேரில் பாருங்கள். உங்கள் பிள்ளைகளைக் கண்டு அது ஒதுங்கினாலோ உறுமினாலோ எழுந்து வந்துவிடுங்கள். பெற்றோருக்கு இடுப்பு எக்ஸ்ரேயும் இதயத்துக்கு எக்கோ ஸ்கேனும் எடுத்த ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். இதயத் தசை பலவீனமாகி வீங்கும் நோய் இந்த இனத்தில் வழிவழியாக வருவதுண்டு. தாத்தா, பாட்டி நாய்கள் எத்தனை வயது வரை இருந்தன என்றும் விசாரியுங்கள். 'அபூர்வ வெள்ளைக் குட்டி' என்று சொன்னால் ஏமாற வேண்டாம். புள்ளி போட்ட நிறமுள்ள இரண்டு நாய்களைச் சேர்த்தால் பிறக்கும் அந்த வெள்ளைக் குட்டிகள் பலவற்றுக்குக் காது கேட்காது, சிலவற்றுக்குப் பார்வையும் இருக்காது.

உங்கள் வீட்டு நிலைமையைப் பார்த்தால், குட்டியை விட மூன்று வயதான, குணம் தெரிந்த ஒரு பெண் நாயைத் தத்தெடுப்பதே என் முதல் யோசனை. வேறு பெரிய இனங்களான செயின்ட் பெர்னார்டும் நியூஃபவுண்ட்லாந்தும் பிள்ளைகளோடு நன்றாக இருக்கும்தான், ஆனால் அடர்ந்த ரோமத்தால் வெயில் தாங்காது, வாயில் ஜொள்ளு ஓயாது. அப்புறம், ஆயுள். கிரேட் டேன் பெரும்பாலும் 7 முதல் 10 வருடம்தான். உங்கள் சின்னப் பிள்ளை பள்ளியை முடிப்பதற்குள் அதை வழியனுப்ப வேண்டிவரும். இதை இப்போதே பிள்ளைகளிடம் பேசிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வயிறு உப்பி முறுக்கிக்கொள்வது. நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு வரும் இந்த ஆபத்து கிரேட் டேனுக்குத்தான் மிக அதிகம். இரைப்பை காற்றால் ஊதி, அப்படியே திருகிக்கொள்ளும். ரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். நாய் இருப்புக்கொள்ளாமல் அலையும். வாந்தி எடுக்க முயலும், நுரையைத் தவிர ஒன்றும் வராது. வயிற்றைத் தட்டினால் பறை மாதிரி ஒலிக்கும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாத நோய் இது, கை வைத்தியமும் கூடாது. ஒரே வேளையாகக் கொட்டாமல் உணவை இரண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள்; அள்ளி விழுங்குகிற நாய்க்குத் தடுப்பு வைத்த கிண்ணம் வையுங்கள்; சாப்பிட்டவுடன் ஓட விடாதீர்கள். கருத்தடை செய்யும்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடச் சொல்லலாம். காற்று சேர்வதை அது தடுக்காது, திருகிக்கொள்வதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். என் கருத்தில் கிரேட் டேன் வளர்க்கும் ஒவ்வொருவரும் இதைச் செய்துவிட வேண்டும்.

இரவிலும் அறுவை செய்யும் மருத்துவமனை எது, வீட்டிலிருந்து எத்தனை நிமிடம் என்பதை நாய் வருவதற்கு முன்பே ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள். சுருண்டு கிடக்கும் 60 கிலோ நாயை வண்டியில் ஏற்ற இரண்டு பேராவது வேண்டும். பகலில் மாமியார் மட்டும் இருக்கும் வீடு என்பதால், கூப்பிட்டால் உடனே வரக்கூடிய அக்கம்பக்கத்தார் இருவரின் எண்ணைப் பெரிதாக எழுதி அவர் கண்ணில் படும்படி ஒட்டி வையுங்கள்.