கடைசியில் பார்க்க வேண்டியவர்

மதிப்பிற்குரிய ஐயா,

பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் குருவான புனித வின்சென்ட் தே பவுலின் வரலாற்றைக் கண்கலங்க வாசித்தேன். வட ஆப்பிரிக்காவின் துனிசில் அவர் அடிமையாக விற்கப்பட்டது உண்மையா? சீமாட்டிகளோடு பழகிய அவர் ஏழைக்குக் கஞ்சி ஊற்றினாரே தவிர, அவன் ஏன் ஏழையானான் என்று கேட்டாரா? அவருக்கிருந்த இளகிய மனம் நமக்கெல்லாம் வாய்க்குமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

துனிஸ் கதை அவரே 1607இல் எழுதிய கடிதத்தில் வருகிறது. ஆய்வாளர் பலர் அதை ஐயுறுகின்றனர். எது உண்மையானாலும் அவர் பிற்பாடு செய்த வேலையில் ஒரு கரண்டி கூடப்போவதுமில்லை, குறையப்போவதுமில்லை.

இளகிய மனம் என்று எழுதினீர்களே, அதுதான் எனக்குக் கோபமூட்டியது. 1581இல் பூய் என்ற சிற்றூரில் குடியானவர் வீட்டில் பிறந்த அவர், தாக்ஸ் நகரில் படித்த காலத்தில், கந்தலுடுத்து நொண்டியபடி தம்மைப் பார்க்க வந்த தந்தையிடம் போய்ப் பேச வெட்கப்பட்டு மறுத்தவர். முதுமையில் அவரே இதைச் சொல்லி வருந்தியிருக்கிறார். கண்கலங்கிய நீங்கள் இந்தப் பக்கத்தை எப்படித் தாண்டினீர்கள்?

1617 ஆகஸ்டில், தாம் பங்குக் குருவாயிருந்த ஷாத்தியோன் ஊரில் திருப்பலிக்கு உடையணிந்துகொண்டிருந்தபோது, ஒரு வீட்டில் எல்லோரும் நோயில் கிடக்கிறார்கள், உதவ ஆளில்லை என்று அவருக்குச் செய்தி வந்தது. மறையுரையில் அதைச் சொன்னார். அன்று பிற்பகலே சாலை நிறைய ஆட்கள் உணவோடு நடந்தார்கள். யாராயிருந்தாலும் மனம் நெகிழ்ந்து நின்றிருப்பார்கள்; அவரோ இவ்வளவும் ஒரே நாளில் வந்தால் பாதி கெட்டுப்போகும், நாளை மறுநாள் அந்த வீடு மறுபடி பட்டினி கிடக்கும் என்று கணக்குப் போட்டார். ஊர்ப் பெண்களைச் சேர்த்து முறைவைத்தார். அவ்வாண்டே விதிமுறையும் எழுதினார்.

அந்த விதிமுறையைத்தான் நான் சில மாதங்களாகத் திரும்பத் திரும்ப எடுத்து வாசிக்கிறேன். நோயாளியை முகமலர்ச்சியோடு வணங்க வேண்டும்; படுக்கைமேல் பலகை வைத்துத் துணி விரித்து, குவளை, கரண்டி, ரொட்டி வைக்க வேண்டும்; அவர் கையைக் கழுவிவிட வேண்டும்; இறைச்சியை அன்போடு நறுக்கித் தர வேண்டும். துணைக்கு ஆள் இருப்பவரிடம் முதலில் போய், ஒருவருமில்லாதவரைக் கடைசியில் பார்க்க வேண்டும். அப்போதுதான் அவரருகே அதிக நேரம் இருக்க முடியும். அன்பை இப்படி வேலைமுறையாக எழுதிவைக்க இளகிய மனம் மட்டும் போதாது ஐயா, படுக்கையில் கிடப்பவனின் கண்ணால் அறையைப் பார்க்கத் தெரிய வேண்டும்.

அறுவைக்குப் பின் நான் துணையில்லாமல் ஒரு மருத்துவமனையில் கிடந்திருக்கிறேன். தட்டைக் கால்மாட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். எழுந்து உட்கார முடியாதவனுக்குக் கால்மாடு வெகு தூரம். கஞ்சியில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். பக்கத்துக் கட்டில்காரரின் மகள் தந்தைக்கு ஊட்டி முடித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் என் தட்டை எடுத்து மார்பருகே வைத்து, கரண்டியைக் கையில் கொடுத்து, நான் உண்டு முடிக்கும்வரை அங்கேயே நின்றாள். அவள் வின்சென்ட்டின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டாள்.

ஏழை ஏன் ஏழையானான் என்று அவர் கேட்டாரா என்ற உங்கள் பெரிய கேள்வியை மறந்தே போனேன். 1649இல், உள்நாட்டுப் போரில் பாரிஸ் பட்டினி கிடந்தபோது, அந்த முதியவர் குதிரையேறி அரசியிடம் போய் முதலமைச்சர் மசரினை விலக்குங்கள் என்று கேட்டார், பலிக்கவில்லை. திரும்பிவந்து பழைய வேலையைத் தொடர்ந்தார். இதற்குமேல் வேண்டுமென்றால் அந்த விதிமுறையை ஒருமுறை முழுதாக வாசித்துவிட்டு எழுதுங்கள்.