எண் போட்ட ஃபைல்களும் ஸ்மோக் ஃபோல்டரும்

கேள்வி: நூல் மில்களுக்கான ஸ்டாக், பில்லிங் மென்பொருளில் டெஸ்டராக இருக்கிறேன். ரோபோட் ஃப்ரேம்வொர்க் என்ற தானியங்கி டெஸ்ட் டூலில் எழுதிய டெஸ்ட் ஃபைல்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் 01, 02 என்று எண் போட்டுக் கிடக்கின்றன. வரிசையாக ஓடினால் பாஸ். ஏதாவது ஒன்றைத் தனியாக ஓட்டினால் ஃபெயில். ஸ்மோக் (முக்கியமானவற்றை மட்டும் சட்டென்று பார்ப்பது), ரெக்ரஷன் (பழையது எதுவும் உடையவில்லையா என்று முழுதாகப் பார்ப்பது) என்று இரண்டு ஃபோல்டராகப் பிரித்துவிடலாம் என்கிறார் டீம் லீட். சரிதானா?
– வாசகி, கோவை

பதில்: வேண்டாம் அம்மா. அப்படிப் பிரித்துவிட்டால் திரும்ப ஒழுங்குபடுத்துவது பெரும்பாடு.

ஸ்மோக் என்பது ஒரு டெஸ்ட்டை எப்போது ஓட்டுகிறோம் என்பதற்கான பெயர். அது எதைச் சோதிக்கிறது என்பது அதில் இல்லை. 'பில் போட்டால் நூல் இருப்பு குறைய வேண்டும்' என்ற டெஸ்ட் காலை ஸ்மோக்கிலும் வேண்டும், ராத்திரி ரெக்ரஷனிலும் வேண்டும். ஃபைலோ ஒரு ஃபோல்டரில்தான் இருக்கும். அப்புறம் யாராவது காப்பி எடுத்து இரண்டிலும் போடுவார். பில் திரையில் ஒரு பட்டன் மாறும்போது ஒரு காப்பியைத் திருத்துவார்கள், இன்னொன்று அப்படியே நிற்கும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ரெக்ரஷன் ஃபோல்டரில் செத்துக் கிடந்த டெஸ்ட்களை எடுத்துப் போடவே ஒரு ரிலீஸ் முழுக்கப் போனது.

எப்போது ஓட்டுவது என்பதை டேக், அதாவது டெஸ்ட்டில் ஒட்டும் அடையாளச் சொல், பார்த்துக்கொள்ளும். ஃபைலின் செட்டிங்ஸ் பகுதியில் டெஸ்ட் டேக்ஸ் என்று ஒரு வரி எழுதினால் அந்த ஃபைலில் உள்ள எல்லா டெஸ்ட்டுக்கும் அந்த டேக் போய்விடும். 6.0 பதிப்புக்கு முந்தையதில் இதையே ஃபோர்ஸ் டேக்ஸ் என்று எழுத வேண்டும். ஓட்டும்போது இன்க்ளூட் ஆப்ஷனில் ஸ்மோக் என்று கொடுங்கள், போதும். நாளைக்கு ஒரு ஃபைல் ஸ்மோக்கில் வேண்டாம் என்றால் ஒரு சொல்லை அழித்தால் ஆயிற்று. ஃபைலை எங்கும் நகர்த்த வேண்டியதில்லை.

ஃபோல்டர்களுக்கு மில்லில் வேலை எப்படி நடக்கிறதோ அப்படிப் பெயர் வையுங்கள்: பஞ்சு வரவு, நூல் இருப்பு, பில், பாக்கி வசூல். ரோபோட் ஃப்ரேம்வொர்க்கில் ஒவ்வொரு ஃபோல்டரும் ஒரு சூட் (டெஸ்ட்களின் தொகுப்பு), உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலும் ஒரு சூட். ஃபைல் பெயரில் உள்ள அடிக்கோடு இடைவெளியாக மாறி அப்படியே ரிப்போர்ட்டில் வந்து நிற்கும். ஆக, உங்கள் ஃபோல்டர் அமைப்புதான் ரிப்போர்ட்டின் பொருளடக்கம். காலையில் அதைத் திறக்கும் மேனேஜருக்கு 'பாக்கி வசூல்' என்பதன் பக்கத்தில் சிவப்பு தெரிந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது உடனே புரியும். 'ரெக்ரஷன்' சிவப்பு என்றால் அவருக்கு என்ன தெரியும்? நோக்கியா நெட்வொர்க்ஸில் உருவாகி 2008-இல் ஓப்பன் சோர்ஸாக வந்த இந்த டூலை நான் விரும்புவதே, ப்ரோகிராம் எழுதாதவரும் படித்துப் புரிந்துகொள்ள முடியும் என்பதற்காகத்தான். அதைப் பெயர் வைப்பதில் வீணாக்கக் கூடாது.

இப்போது எண்களுக்கு வருவோம். ஒரு ஃபோல்டரில் உள்ள ஃபைல்களை ரோபோட் அகரவரிசையில் ஓட்டும். 01 போட்டு இரண்டு அடிக்கோடு வைத்தால் வரிசை நீங்கள் சொன்னபடி அமையும், ரிப்போர்ட்டில் அந்த எண் மறைந்துவிடும். படிக்கும் வசதிக்காக இப்படிச் செய்தால் தப்பே இல்லை. உங்கள் இடத்தில் இருக்கும் சிக்கல் வேறு: 02-இல் உருவாக்கிய வாடிக்கையாளரை நம்பி 03 பில் போடுகிறது. 02 விழுந்தால் பின்னால் உள்ளவை எல்லாம் வரிசையாக விழும், உண்மையில் எங்கே பிழை என்று ரிப்போர்ட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

திருத்துவது இப்படி. 'புதிய வாடிக்கையாளரைச் சேர்' என்பதை ஒரு கீவேர்டாக (பெயர் வைத்த படிகளின் தொகுப்பாக) எழுதி, பல டெஸ்ட் ஃபைல்கள் பகிர்ந்துகொள்ளும் ரிசோர்ஸ் ஃபைலில் வையுங்கள். பில் ஃபைலின் டெஸ்ட்கள் தொடங்குமுன் ஓடும் சூட் செட்டப்பில் அதைக் கூப்பிடுங்கள், எல்லாம் முடிந்தபின் ஓடும் சூட் டியர்டவுனில் அந்த வாடிக்கையாளரை நீக்குங்கள். வாடிக்கையாளர் பெயரோடு ஒரு ரேண்டம் எண்ணை ஒட்டிவிடுங்கள், இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓட்டினாலும் மோதாது. முடிந்தால் இதைத் திரை வழியாகச் செய்யாமல், மென்பொருளோடு நேரடியாகப் பேசும் ஏபிஐ வழியாகச் செய்யுங்கள். பில்லைச் சோதிக்க வந்த டெஸ்ட், வாடிக்கையாளர் திரையில் இடறி விழக் கூடாது. இதை ஃபைல் ஃபைலாகச் செய்துகொண்டே போங்கள். ஒவ்வொன்றும் தனியாக ஓடுகிறது என்று உறுதியானதும் அதற்குரிய ஃபோல்டருக்கு மாற்றுங்கள். கடைசியில் ரேண்டமைஸ் ஆப்ஷன் கொடுத்து வரிசையைக் கலைத்து ஓட்டிப் பாருங்கள். எங்கே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: எல்லா ஃபைலுக்கும் வேண்டிய கீவேர்டுகளை, ஃபோல்டருக்கான செட்டிங்ஸ் எழுதும் இனிட் ஃபைலில் இம்போர்ட் செய்தேன். ஆனாலும் உள்ளே இருக்கும் டெஸ்ட்கள் 'கீவேர்ட் இல்லை' என்கின்றன. ஏன்?
– வாசகர், திருச்சி

பதில்: இனிட் ஃபைலில் இம்போர்ட் செய்தவை அந்த ஃபைலோடு நின்றுவிடும். உள்ளே இருக்கும் சூட்களுக்கு இறங்காது, அதன் விதியே அப்படி. இறங்குபவை டெஸ்ட் செட்டப், டெஸ்ட் டியர்டவுன், டைம்அவுட், டேக் போன்றவை. எனவே ஒவ்வொரு டெஸ்ட் ஃபைலிலும் தனக்கு வேண்டிய ரிசோர்ஸைத் தானே இம்போர்ட் செய்யட்டும். ஃபைலைத் திறந்ததும் இது எதை நம்பியிருக்கிறது என்பது தெரிவது நல்லதுதான். பாதை எழுதும்போது '../../../' என்று புள்ளி புள்ளியாக மூன்று படி மேலே ஏறாதீர்கள். ஃபோல்டரை நகர்த்திய அன்றே உடையும். ஓட்டும்போது, எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் பைத்தன்பாத் ஆப்ஷனில் ரிசோர்ஸ் ஃபோல்டரைக் கொடுத்துவிட்டால் ஃபைல் பெயரை மட்டும் எழுதினால் போதும்.

இனிட் ஃபைலில் சூட் செட்டப் வைத்திருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். டெஸ்ட்களைப் பல பிராசஸ்களாகப் பிரித்து ஓட்டும் பாபோட் டூலைக் கொண்டு இணையாக ஓட்டும்போது ஒவ்வொரு பிராசஸும் மேல் ஃபோல்டரின் செட்டப்பைத் தனித்தனியாக ஓட்டும். டேட்டாபேஸைத் துடைக்கும் வேலை அங்கே இருந்தால், ஒன்று பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று துடைத்துவிடும். ஒருமுறை மட்டும் நடக்க வேண்டியதற்கு 'ரன் செட்டப் ஒன்லி ஒன்ஸ்' என்ற கீவேர்ட் பாபோட் லைப்ரரியில் இருக்கிறது.

கேள்வி: ஒரு ஃபைலில் எத்தனை டெஸ்ட் வைக்கலாம்?
– வாசகி, மதுரை

பதில்: ரோபோட் ஃப்ரேம்வொர்க்கின் சொந்த வழிகாட்டியே பத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது, டேட்டா டிரிவன் (ஒரே படிகளை வெவ்வேறு தரவுகளோடு ஓட்டுவது) என்றால் மட்டும் விலக்கு. தமிழ்நாட்டுக்குள் விற்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. கேரளத்துக்கு அனுப்பினால் ஐஜிஎஸ்டி. இப்படி வரி வகைகளை டெஸ்ட் டெம்ப்ளேட் போட்டு லைனுக்கு ஒன்றாக அடுக்கினால் முப்பது இருந்தாலும் ஒரே பார்வையில் படிக்கலாம். பத்துப் படி கொண்ட டெஸ்ட்கள் முப்பது என்றால் யாரும் படிக்க மாட்டார்கள்.

கேள்வி: டெஸ்ட் பெயர்களைத் தமிழில் எழுதலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: தாராளமாக. ஃபைலை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமியுங்கள். டெஸ்ட் பெயர், கீவேர்ட் பெயர் இரண்டும் தமிழில் ஓடும், லாகிலும் தமிழிலேயே வரும். மில்லில் கணக்கு எழுதுபவரை உட்காரவைத்து 'பாக்கி இருந்தால் அடுத்த பில் தடுக்கப்பட வேண்டும்' என்று படித்துக் காட்டும்போது, இல்லை சார், முதலாளி ஓகே சொன்னால் விடுவோம் என்று அவரே திருத்துவார். அந்த ஒரு வரிக்காகவே தமிழில் எழுதலாம். ஃபைல், ஃபோல்டர் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஃபைல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் (Git) தன் வழக்கமான அமைப்பில் தமிழ்ப் பெயர்களை எண் குறியீடுகளாக மாற்றிக் காட்டும், எந்த ஃபைல் மாறியது என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.