உணவகத்தின் திறந்தவெளியில் லைவ் மியூசிக் வைத்தால் பக்கத்து வீட்டார் புகார் சொல்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் ஒத்துப்போகிற வழி உண்டா?

உண்டு. ஆனால் எல்லோரும் முதலில் செய்கிற காரியம், அதாவது மொத்தச் சத்தத்தையும் கொஞ்சம் குறைப்பது, பெரும்பாலும் உதவாது. பல வருடமாக மேடைகளுக்கு ஒலி அமைக்கிறேன். இந்த விஷயம் எனக்குப் புரிந்தது ஒலிகளைக் கலந்து கூட்டிக் குறைக்கும் மிக்சருக்குப் பின்னால் நின்றபோது அல்ல, புகார் சொன்னவரின் படுக்கையறையில் நின்றபோதுதான்.

ஓர் உணவகத்தில் சனிக்கிழமை தோறும் நிகழ்ச்சி. ஒரு பாடகி, கிதார், கீபோர்டு, டிரம்ஸ். புகார் வந்தது, குறைத்தோம். மறுவாரமும் புகார், மறுபடி குறைத்தோம். மூன்றாவது வாரம் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே மிக்சரை உதவியாளரிடம் விட்டுவிட்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். வயதான ஓர் அம்மா திறந்தார். "வாய்யா, நீயே வந்து கேளு" என்று உள்ளே கூட்டிப்போனார்.

ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. பாடகியின் குரல் வரவே இல்லை, கிதாரும் இல்லை. தும்... தும்... தும் என்று, காலால் அடிக்கிற பெரிய கிக் டிரம் மட்டும். அலமாரியின் கண்ணாடிக் கதவு ஒவ்வொரு அடிக்கும் மெல்ல நடுங்கியது. "பாட்டாவது காதுல விழுந்தா பரவாயில்லை தம்பி. யாரோ சுவத்துக்கு அந்தப் பக்கம் இடிக்கிற மாதிரியே இருக்கு" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

காரணம் எளிது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 சென்டிமீட்டர். 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலிக்கு, அதாவது அடித்தொண்டை போன்ற தாழ்ந்த ஒலிக்கு, அது ஏறக்குறைய 7 மீட்டர். சின்ன அலையை ஜன்னலும் சுவரும் ஓரளவு மறித்துவிடும். பெரிய அலை சுற்றி வளைந்தும் ஊடுருவியும் வந்து சேரும். உணவகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது முழுப் பாட்டு. பக்கத்து வீட்டுக்குப் போவது அதன் எலும்புக்கூடு மட்டும்.

போனில் டெசிபல் பார்த்து, "அளவு சரியாத்தானே இருக்கு" என்று வாதாடுவதும் இதனால்தான் எடுபடாது. அந்தச் செயலிகள் பெரும்பாலும், காதுக்குக் கேட்கிற விதத்தை ஒட்டி பேஸைக் குறைத்துக் கணக்கிடும் 'ஏ' அளவீட்டில் காட்டும். அதில் 63 ஹெர்ட்ஸ் ஒலி 26 டெசிபல் கழிக்கப்பட்டுத்தான் கணக்கில் சேர்கிறது. பேஸை அவ்வளவாகக் கழிக்காத 'சி' அளவீட்டுக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே 15, 20 டெசிபல் என்று இடைவெளி விழுந்தால் உங்கள் சிக்கல் பேஸ்தான்.

அடுத்த வாரம் சப்வூஃபரை, அதாவது பேஸுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கரை, கழற்றினேன். அது சுவரை ஒட்டி இருந்தது வேறு. சுவரோரம் பேஸ் இன்னும் பெருகும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை மிக்சரில் வெட்டினேன். கிக்குக்கு வைத்திருந்த மைக்கை எடுத்துவிட்டு டிரம்மரிடம் குச்சிக்குப் பதில் மெதுவாக ஒலிக்கும் பிரஷ் கொடுத்தேன். அவருக்கு முகம் தொங்கிப்போனது, இருந்தாலும் வாசித்தார்.

அப்புறம், மேடையில் இருந்த இரண்டு பெரிய ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பதிலாக மேசைகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாக ஆறு, வீடுகளுக்கு முதுகைக் காட்டியபடி. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். 16 மீட்டர் தள்ளியிருக்கும் கடைசி மேசைக்கு 70 டெசிபல் போய்ச் சேர வேண்டுமென்றால், பாக்ஸிலிருந்து 2 மீட்டரில் உட்கார்ந்திருப்பவர் 88 டெசிபலை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மேசைக்கும் 2 மீட்டரில் ஒரு சின்னப் பாக்ஸ் இருந்தால் 70 போதும். தெருவுக்குப் போவது தானாகக் குறைந்துவிடும்.

செடிகளை வைத்து மறைக்கலாமா என்று முதலாளி கேட்டார். பார்க்க அழகு, அவ்வளவுதான். பாக்ஸுக்கும் ஜன்னலுக்கும் நடுவே பார்வையை முழுக்க மறைக்கிற கெட்டியான சுவர் என்றால்தான் பலன், அதுவும் பேஸுக்குக் குறைவு.

இன்னொரு விஷயம், சத்தம் இரவில் தானாக ஏறும். இசை கூடினால் சாப்பிடுகிறவர்கள் குரலை உயர்த்துவார்கள், அது கேட்டு பேண்ட் கூட்டும். சத்தத்துக்கு நடுவே மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவதை எத்தியென் லோம்பார்ட் என்ற மருத்துவர் 1911-இலேயே எழுதிவைத்தார். அதனால் மொத்தச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மாஸ்டர் ஃபேடரில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவேன், அதைத் தாண்டக் கூடாது. காற்றில்லாத தெளிந்த இரவில் தரையோரக் காற்று சீக்கிரம் குளிர்ந்து, மேலே வெப்பம் நின்றால், ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். தெருவும் அடங்கியிருக்கும். மத்தியானம் சவுண்ட் செக் செய்து "கேட்கவே இல்லையே" என்று சொல்வதில் அர்த்தமில்லை. இரவு நேரத்தில், எதிர்வீட்டு வாசலில் நின்று கேளுங்கள். தூங்கும் அறைக்குள் 30 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் சொன்னது. அது கிசுகிசுப்பு அளவு.

"நாங்கதான் முதல்ல வந்தோம்" என்ற வாதமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014-இல் அதை நகரத் திட்ட விதியாகவே ஆக்கியது: இசைக்கூடத்துக்கு அருகே புதிதாக வீடு கட்டுகிறவர்தான் ஒலித்தடுப்புச் செலவை ஏற்க வேண்டும். நியாயம்தான். ஆனால் ஏற்கெனவே வீடுகள் இருக்கும் இடத்தில் நீங்கள் புதிதாக மேடை போட்டால் அதே நியாயம் உங்கள் தலையில் விழும்.

ஆட்களைப் பொறுத்தவரை, எந்த நாள், எத்தனை மணிக்கு முடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பத்து என்றால் பத்து. "ஒன்ஸ் மோர்" கிடையாது. புகாருக்குக் கொடுக்கும் எண்ணை மிக்சரில் நிற்பவர் எடுக்க வேண்டும். முதலாளி எடுத்தால் சமாதானம் பேசுவார், மிக்சரில் நிற்பவர் எடுத்தால் கை ஃபேடருக்குப் போகும்.

அந்த அம்மா அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் அழைத்தார், இரவு பதினொன்றே காலுக்கு. பாட்டு முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. நான்தான் பெட்டிகளைக் கல் தரையில் கடகடவென்று உருட்டிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் அவற்றை உள்ளேயே பூட்டிவைத்துவிட்டு மறுநாள் காலையில் போய் எடுத்துக்கொள்கிறேன்.