கமராப் பையும் கட்டுச்சோறும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கொழும்பிலிருந்து மாமியின் பிள்ளைகள் யாழ்ப்பாணம் வருகிறார்கள். ஒரே நாளில் கோட்டை, நூலகம், நல்லூர், கீரிமலை, கசூரினாக் கடற்கரை, நயினாதீவு எல்லாவற்றையும் காட்டிப் படமும் எடுக்க ஒரு நேர அட்டவணை போட்டுத் தருவீர்களா?
– வாசகி, கொக்குவில்

பதில்: தரமாட்டேன், பிள்ளை. அப்படி ஓடினால் கமராவில் மிஞ்சப்போவது வான் கண்ணாடிக்குள்ளால் எடுத்த பனைமரங்கள்தான். காலமை கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. பெடியளைக் கேணியில் இறங்க விட்டால் மத்தியானம் வரைக்கும் வெளியில் வரமாட்டினம். அதோடு காலமைக் கணக்கு முடிந்தது.

பின்னேரம் நாலரைக்குப் பிறகு நூலகம். 1981இல் எரிக்கப்பட்டு 2003இல் திரும்பத் திறந்த கட்டடம் என்பதை வாசலிலேயே சொல்லிப்போட்டுப் படம் எடுக்க விடுங்கோ. வெள்ளைச் சுவரைக் கண்டதும் கமரா மிரண்டு படத்தைச் சாம்பல் நிறமாக்கும். வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வைத்தால் வெள்ளை வெள்ளையாக வரும். அங்கிருந்து கோட்டைக்கு நடந்தே போகலாம். ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து, பிறகு ஐங்கோணமாக மாற்றிக் கட்டினது. மதிலில் நின்று பார்த்தால் பரவைக்கடல் அப்படியே காலடியில் கிடக்கும்.

கடைசியாகப் பண்ணைப் பாலம். சூரியன் விழுந்த உடனே எல்லாரும் செல்பி எடுத்துப்போட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்புவினம். நீங்கள் இன்னும் கால் மணித்தியாலம் நில்லுங்கோ. பொழுதுபட்ட பிறகுதான் வானமும் தண்ணியும் ஒரே நிறத்துக்கு வரும். இடுப்பளவு தண்ணியில் நின்று வலை வீசுகிற ஆள் அப்ப ஒரு கறுப்புக் கோடாகத் தெரிவார். வாகனம் பறக்கிற றோட்டு, முக்காலியைத் தள்ளி வையுங்கோ.

கேள்வி: நெடுந்தீவுக்கு ஒரு நாள் போய்வர ஆசை. போய்வந்த நண்பர்களின் படங்களெல்லாம் வெளிறிப்போய் இருக்கின்றன. என்ன செய்யலாம்?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: அது உங்கள் நண்பர்களின் பிழையில்லை, படகு நேரத்தின் பிழை. காலமை பஸ் பிடித்து, வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவானில் இறங்கி, பிறகு கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் படகில் ஆடி, தீவில் கால் வைக்கும்போது வெயில் ஏறிவிடும். பின்னேரம் கடைசிப் படகைத் தவறவிடவும் ஏலாது. விடியல் வெளிச்சமும் இல்லை, அந்தி வெளிச்சமும் இல்லை. ஆகவே உச்சி வெயில் எதற்கு உதவுமோ அதை எடுக்க வேணும்.

அது உதவுவது முருகைக்கல் வேலிகளுக்கு. சாந்து, சீமெந்து ஒன்றுமில்லாமல் கல்லுக்கு மேல் கல்லாக அடுக்கிய வேலிகள் ஊர் முழுக்க ஓடும். வெயில் முகத்துக்கு நேரே அடித்தால் அந்தக் கல் தட்டையாகத்தான் தெரியும். உச்சி வெயிலோ மேலிருந்து கீழாகக் கல்லைத் தடவிக்கொண்டு இறங்கும். ஒரு சாண் தூரத்துக்குக் கிட்டப் போய்ப் பாருங்கோ. ஒரு கல்லில் சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள், பக்கத்துக் கல்லில் மூளை மடிப்பைப் போல நெளிந்த வரிகள், அடுத்ததில் ஊசித் துளைகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் தனித்தனி நிழல். ஒரு காலத்தில் கடலுக்குள் உயிரோடு இருந்த பவளம் என்பது அப்பதான் கண்ணுக்குப் படும். தீவில் திரிகிற காட்டுக் குதிரையைத் தேடி ஓடுகிறவர்கள் இந்த வேலிகளைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

ஆட்களை வெயிலில் நிறுத்தாதேங்கோ. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நடுப்பகலில் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு மேலே நிற்கும். கண்குழி இரண்டும் கறுத்துப்போகும். அங்கே நிற்கிற பெருக்குமரத்துப் (பாவோபாப்) பொந்துக்குள் ஆளை நிறுத்தி, வாசலால் வருகிற வெளிச்சம் முகத்தில் விழ எடுத்துப் பாருங்கோ. மார்கழி, தையில் போனால் நடுப்பகலிலும் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும், புல்லும் பச்சையாக இருக்கும். என்னைக் கேட்டால் அதுதான் நெடுந்தீவுக்குக் காலம். சோழகக் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் படகுக்குள் தண்ணி தெறிக்கும். கமராவை ஒரு சொப்பிங் பைக்குள் சுற்றி, பிறகு தோள் பைக்குள் வையுங்கோ.

குதிரைகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்தவற்றின் வழித்தோன்றல்கள். வறட்சியில் தண்ணிக்கு அலைகிற சீவன்கள். அதுகளைத் துரத்தி ஓடவைத்துப் படம் எடுக்கிற ஆட்களை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. தண்ணி இருக்கிற இடத்துக்குத் தள்ளிக் குந்தியிருந்தால் அதுகளாகவே வரும். பழைய புறாக்கூட்டுக் கட்டடத்துக்குப் பத்து நிமிசம் போதும். இறங்குதுறையில் ஓட்டோ பிடிக்கும்போது வாடகையை மட்டும் பேசாதேங்கோ, “மறிக்கச் சொல்கிற இடத்தில் மறிக்க வேணும்” என்பதையும் பேசுங்கோ. படகு நேரத்தை முதல் நாளே விசாரித்து வையுங்கோ.

கேள்வி: என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. கமரா வாங்கினால்தான் நல்ல படம் வருமா?
– மாணவர், கோண்டாவில்

பதில்: போதும் தம்பி. கமராக் காசுக்குப் பஸ் ஏறுங்கோ. போனின் கண்ணாடியைத் துடைத்துப்போட்டு எடுங்கோ, அதில் எப்பவும் விரல் எண்ணெய் இருக்கும். பெருப்பித்து எடுக்காதேங்கோ, நடந்து கிட்டப் போங்கோ.

கேள்வி: நல்லூர்த் திருவிழாவில் எந்த நாளில் படம் எடுப்பது நல்லது? கோயிலுக்குள் விடுவார்களா?
– வாசகர், வவுனியா

பதில்: உள்ளே படம் எடுக்கக்கூடாது. ஆம்பிளைகள் மேற்சட்டை கழற்றித்தான் போக வேணும், கமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போகிற இடமில்லை. 25 நாள் திருவிழாவில் 24ஆம் நாள் தேர். அன்றைக்குக் கும்பிடப் போங்கோ. அந்தச் சனத்துக்குள் கையைத் தூக்கி எடுக்கிற படம் எல்லாரிடமும் ஒரே படமாகத்தான் இருக்கும். எனக்குப் பிடித்தது இடைப்பட்ட நாள் ஒன்றின் இரவு, கச்சான் (வேர்க்கடலை) கடைப் பக்கம். தாச்சியில் மணலோடு கச்சான் புரளும், ஆவி மேலே எழும்பி மின்குமிழ் வெளிச்சத்தில் மஞ்சளாகும், அதற்குப் பின்னால் கடைக்கார அம்மாவின் முகம். பிளாஷ் அடித்தால் அவ்வளவும் போய்விடும். அங்கப்பிரதட்சணம் செய்கிறவர்களின் முகத்துக்குக் கிட்டக் கமராவை நீட்டாதேங்கோ.

கேள்வி: திருநெல்வேலிச் சந்தையில் படம் எடுக்கப்போய் ஏச்சு வாங்கினேன். நான் என்ன குற்றம் செய்தேன்?
– வாசகர், மானிப்பாய்

பதில்: கேட்காமல் எடுத்திருப்பீர்கள். எங்கள் ஊரில் கமராவோடு வந்து நின்ற எல்லாரும் படம் எடுக்க மட்டும் வந்தவர்கள் இல்லை. அந்தப் பயம் வயதான சனத்துக்கு இன்னும் போகவில்லை. முதலில் கால் கிலோ வெண்டிக்காய் வாங்குங்கோ. விலையைப் பற்றி நாலு கதை கதையுங்கோ. பிறகு “அக்கா, ஒரு படம் எடுக்கட்டோ?” என்று கேளுங்கோ. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஓம் என்றால் சேலைத் தலைப்பைச் சரிசெய்து நிமிர்ந்து இருப்பா. அந்த முதல் படத்தை அவவுக்காக எடுங்கோ, பிறகு அவ வியாபாரத்தில் மூழ்கினதும் உங்களுக்காக எடுங்கோ. முதல் படத்தை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கோ. ஸ்ரூடியோ நடத்தின காலத்திலிருந்து எனக்குத் தெரியும், கையில் படம் கிடைத்த ஆள் அடுத்த முறை பக்கத்துக் கடைக்காரியையும் கூப்பிட்டுத் தருவா. இராணுவ முகாம், கடற்படைக் காவலரண் பக்கம் மட்டும் கமராவைத் திருப்பாதேங்கோ, கேட்டும் திருப்பாதேங்கோ.

கேள்வி: மோட்டார் சைக்கிளில் ஒரு நாள் சுற்றுக்கு வழி சொல்லுங்கள்.
– இரு நண்பர்கள், சுன்னாகம்

பதில்: யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணை வழியாக வேலணை, ஊர்காவற்றுறை. அங்கே பாதையில் (வாகனம் ஏற்றுகிற மிதவைப் படகை இங்கே ‘பாதை’ என்பினம்) மோட்டார் சைக்கிளை ஏற்றிக் காரைநகர். பாதை நகரும்போது பக்கத்தில் தெரிகிற கடற்கோட்டையை எடுக்கலாம். மத்தியானம் கசூரினாவில் சாப்பாடு, குளிப்பு. திரும்புகிறபோது பொன்னாலைப் பாலத்தில் கொக்குகள். காலமை மேற்கே போவீர்கள், பின்னேரம் கிழக்கே வருவீர்கள், இரண்டு முறையும் வெயில் முதுகில்தான். எதிர்ப்புறமாகச் சுற்றினாலும் இதே கணக்குத்தான்.

கேள்வி: தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவை ட்ரோன் விட்டு எடுக்கலாமா?
– வாசகர், நெல்லியடி

பதில்: விடாதேங்கோ. ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையில் பதிவும் அனுமதியும் வேணும், அது ஒரு பக்கம். அந்த வானம் முழுக்க நூல். ட்ரோனும் விழும், யாரோ ஒரு பெடியன் இரவிரவாகக் கட்டின பட்டமும் விழும்.

நிலத்தில் நின்று எடுக்கவே இதற்குள் ஒரு சூட்சுமம் இருக்கு. அந்த மாதத்துக் காற்று வடகிழக்கிலிருந்து வரும், பட்டம் தென்மேற்கே போய் நிற்கும். பின்னேரச் சூரியனும் அதே பக்கம்தான். அதனால் எல்லாருடைய படத்திலும் பட்டம் கறுப்பாக வருகிறது. வெயிலைப் பார்த்துப் பயப்படாமல், சூரியன் சரியாகப் பட்டத்துக்குப் பின்னால் மறைகிற இடத்தில் நில்லுங்கோ. மெல்லிய தாள் உள்ளுக்குள் விளக்கு வைத்த மாதிரி எரியும், ஈர்க்குக் குச்சியும் மூங்கில் சட்டமும் எலும்பெலும்பாகத் தெரியும். எட்டுமூலைப் பட்டத்துக்கும் கொக்குப் பட்டத்துக்கும் இது நன்றாக வரும். பெரிய பட்டங்களை ஏறின பிறகு எடுத்துப் பயனில்லை, புள்ளியாகிவிடும். ஏற்றும்போது கயிற்றைப் பிடித்து மணலில் குதி ஊன்றி நிற்கிற பெடியளை எடுங்கோ. ஷட்டர் வேகத்தைச் செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்காக வையுங்கோ. வெள்ளனவே போங்கோ, பின்னேரம் ஆனால் வாகனம் விட இடம் கிடையாது.